சிறுவாச்சூரில் இறங்கியவனுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "சிக்னல் போனா மூஞ்சி ஏங்க இப்படி செவந்து கெடக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நீ கேட்டது ஒரே விஷயம்தான். டாக்டரம்மாவிடம் போய்வந்த கதையைக் கல்யாணத்துக்கு முன்பே அரியலூர்ப் பெண் கயல்விழியிடம் நீயே சொல்லப் போகிறாய், அதற்கு நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. "வாயை மூடிக்கிட்டு தாலியக் கட்டுடா" என்று கத்தினேன். இந்த வாரம் முழுக்க அதையேதான் மென்றுகொண்டிருக்கிறேன். போனில் பேசினால் மறுபடி கத்துவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். கோயம்புத்தூரில் லீவு நாளில் உட்கார்ந்து நிதானமாகப் படி. கயல்விழி பார்த்தாலும் பார்க்கட்டும், மூடி மறைத்து எழுதும் கடிதம் இல்லை இது.

நான் சந்தேகப்பிராணி. இதை நீ என் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறாய், நான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படுவதற்குத்தானே! கண்டக்டராகப் பையை மாட்டினேன், பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனேன். எந்த பஸ்ஸை எங்கே நிறுத்துவேன் என்று எவனுக்கும் தெரியக்கூடாது, அதுதான் வேலை. ஏறியதும் டிக்கெட்டைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். டிக்கெட் எடுத்தவன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு எரிச்சலாக உட்கார்ந்திருப்பான். எடுக்காதவன் தூங்குவான். இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருப்பான், வாழ்க்கையில் மக்காச்சோளக் காட்டையே பார்த்திராத மாதிரி. நேராக அவனிடம் போய்க் கையை நீட்டுவேன், தப்பவே தப்பாது. டிப்போவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: இந்த ஆள் சாமி கும்பிடும்போதும் சாமியின் கையில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பாராம். எனக்கு அதில் பெருமைதான்.

இப்பேர்ப்பட்ட நான் உன்னை சிறுவாச்சூரில் பார்த்த கதையை உனக்குச் சொன்னதே இல்லை. அந்தக் காளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த நாட்களில் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும். கூட்டத்தில்தான் டிக்கெட் விட்டுப்போகும் என்பதால் எங்கள் செக்கிங்கும் அங்கேதான் இருக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, திருச்சியிலிருந்து வந்த பஸ் நின்றது. பின்படியில் நீ இறங்கினாய். சென்னையில் பார்த்த வேலை போய், வீட்டோடு வந்து, திருச்சியில் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் போய்க்கொண்டிருந்த நேரம் அது. கோயிலுக்கு வந்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். நீ கோயில் பக்கம் திரும்பவே இல்லை. நான் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடாமல் பூக்கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பார்த்தேன், செக்கர் புத்தி. நீ பாலக் கட்டையில் உட்கார்ந்தாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திறந்தாய். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அந்த வெயிலில், லாரிகள் இரையும் பைபாஸ் ஓரமாகவே பெரம்பலூரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாய்.

பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறிப்போய் கண்டக்டரிடம், "இப்ப இறங்குனானே நீலச் சட்டை, அவனுக்கு எது வரைக்கும் டிக்கெட்?" என்று கேட்டேன். அந்தப் பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. "பெரம்பலூருக்குக் கொடுத்துட்டேன் சார், மெஷின்லயே இருக்கு பாருங்க சார். பாதியில ஏன் இறங்குனாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார்" என்றான். அவனை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றேன். எங்கள் சட்டத்தில், டிக்கெட் எடுத்த ஸ்டேஜைத் தாண்டிப் போகிறவன்தான் குற்றவாளி. கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே முன்னால் இறங்கிவிடுகிறவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படிப்பட்டவனை என்ன கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அதனால் எனக்குத் தெரிந்த மாதிரியெல்லாம் சந்தேகப்பட்டேன். பெண் விவகாரம் என்று நினைத்து, சிறுவாச்சூரில் நம் சாதிசனத்தில் வயசுப் பெண் இருக்கிற வீடு எது என்று விசாரித்தேன். குடி என்று நினைத்து, சாப்பிடும்போது குழம்பு ஊற்றுகிற சாக்கில் உன் வாயை மோந்து பார்த்தேன். ஆன்லைன் ரம்மியில் விட்டுவிட்டாயோ என்று உன் சிநேகிதனை டீக்கடையில் மடக்கினேன். அவன் உன்னிடம் போட்டுக்கொடுத்தான், நீ என்னோடு பேசுவதை நிறுத்தினாய், பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்று என் சந்தேகம் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், உனக்குப் பயமாக இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. பஸ் கதவு மூடியதும் மூச்சு முட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், இதோ செத்துவிடுவோம் என்று தோன்றும் என்று பின்னால் நீ சொன்னாயே, அது எனக்குக் கனவிலும் வரவில்லை. பஸ்ஸால் சோறு தின்றவன் வீட்டில் பிறந்த பிள்ளை பஸ்ஸுக்குப் பயப்படுவான் என்று யார்தான் நினைப்பார்கள்?

உன் அம்மா என்னை மாதிரி ஆராய்ச்சி செய்யவில்லை. "புள்ளைக்கு நெஞ்சுல கேஸ் பிடிச்சிருக்கு" என்று அவளே முடிவு செய்து உன்னை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன கிளினிக்தான். அவளுடைய சர்க்கரைக்கும் என்னுடைய பிரஷருக்கும் அந்தம்மாதான் பார்த்துவந்தார். எனக்கு அந்தம்மா மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். ஒரு டாக்டர் என்றால் கையைப் பிடிக்கணும், சீட்டு எழுதணும், அடுத்த ஆளைக் கூப்பிடணும். இவர் கையில் பிரஷர் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றிக்கொண்டே கேட்பார்: "ராத்திரி தூக்கம் வருதுங்களா? எதுலயும் மனசு ஓடாம இருக்கா? காரணமே இல்லாம பயம் வருதா?" கை பட்டையில் மாட்டியிருக்கும், எழுந்து ஓடவும் முடியாது! முட்டிவலிக்கு வந்தவனையும் இதையே கேட்பார், பிள்ளை பெற்றுவந்தவளையும் இதையே கேட்பார், ரிட்டயர் ஆனவனை இன்னும் ஒரு சுற்று அதிகமாகக் கேட்பார். வெளியே கூட்டம் நிற்கும்போது ஒரே ஆளிடம் இவ்வளவு பேசி இந்தம்மாவுக்கு என்ன ஆதாயம்? ஊர்க்கதையைச் சேர்த்துவைத்து என்ன பண்ணப் போகிறார்? நான் அப்படித்தான் யோசித்தேன்.

அன்றைக்கு அவர் உன் நெஞ்சைச் சோதித்து, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, உன் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உன்னிடம் தனியாகப் பேசினார். அதற்கடுத்த வாரம் என்னையும் கூப்பிட்டனுப்பினார். அந்தச் சம்பாஷணை உனக்கு நினைவிருக்கும். "உங்க பையன் பேசச் சொன்னதாலதான் உங்ககிட்டப் பேசறேங்க" என்று ஆரம்பித்தார். இதயத்தில் ஒன்றுமில்லை, வேலை போன அதிர்ச்சியில் வந்த பயம், அதை உள்ளேயே போட்டு அமுக்கியதில் தூக்கம் போயிருக்கிறது, இப்படியே விட்டால் பெரிதாகும், இப்போதே கவனித்தால் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் விடவில்லை.

"அப்ப இது வியாதி இல்லைங்கிறீங்க. வியாதி இல்லாதவன் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

"வியாதி ஆகாம இருக்கத்தாங்க. உப்பைக் குறைங்க, உப்பைக் குறைங்கன்னு உங்ககிட்ட எத்தன நாளா சொல்லிட்டு இருக்கேன். கைகால் இழுத்ததுக்கு அப்புறமா சொல்லணும்?"

"சரி, மாத்திரை?"

"இப்ப வேண்டாங்க. வேணும்னு தோணுனா தயங்காம எழுதுவேன். என் கைக்கு மீறுச்சுன்னா திருச்சியில மனநல டாக்டர்கிட்ட நானே அனுப்பி வைப்பேன்."

திருச்சி என்றதும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஆஹா, அங்கேதான் கமிஷன் போகிறது, குட்டு வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். மாத்திரையும் கொடுக்காமல் ஊசியும் போடாமல் ஒரு டாக்டர் பேசிக்கொண்டே இருந்தால் எப்படித்தான் நம்புவது? கிளம்பும்போது இன்னொன்று கேட்டார்: "வீட்டுல யாரு அதிகமா கேள்வி கேப்பீங்க?" உன் அம்மா என்னைப் பார்த்தாள். நீ தரையைப் பார்த்தாய். "கொஞ்ச நாளைக்குக் கேள்வியக் கம்மி பண்ணிக்குங்க சார், பதிலுக்கு அவரோட காலையில நடந்துட்டு வாங்க" என்றார் அந்தம்மா. பஸ் நிறையப் பேரைக் கேள்வி கேட்டுப் பிழைத்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

என் கோபம் டாக்டரம்மா மேல் மட்டும் என்று நினைக்காதே. எனக்கு ஒரு பழைய சூடு இருக்கிறது. உன் அத்தைக்கு முதலில் வந்த சம்பந்தம் ஜெயங்கொண்டம் பக்கம். நல்ல குடும்பம், பையனும் தங்கம். தட்டு மாற்றப் போகிற சமயத்தில் அவர்கள் திடீரென்று பின்வாங்கிவிட்டார்கள். ஏன் என்று பிறகு தெரிந்தது. என் அப்பா செத்த பிறகு என் அம்மா கொஞ்ச நாள் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது நாங்கள் போய்வந்த டாக்டரிடம் இருந்த கம்பவுண்டர், விசாரிக்க வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் அதைச் சொல்லியிருக்கிறான். அது நடுவில் இரண்டு வாய் மாறி, "அந்தம்மா பைத்தியத்துக்கு மருந்து திங்குது" என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. உன் அத்தை அழவேயில்லை, கொல்லைப்பக்கம் போய் வெங்காயம் ஆய்ந்துகொண்டே இருந்தாள். கல்யாணம் முடிவாகுமுன் நம் பக்கத்தில் எங்கெல்லாம் விசாரிப்பார்கள் என்று உனக்குத் தெரியுமல்லவா? டீக்கடை, மெடிக்கல் ஷாப், சலூன், டாக்டர் வாசல். அதனால் நீ அந்த கிளினிக் படியேறும்போதெல்லாம் யார் கண்ணில் படுகிறாயோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தம்மா உனக்குக் கொடுத்த வைத்தியம் பஸ்தான்! முதல் வாரம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டவுன் பஸ். பயம் வந்தாலும் இறங்காமல், மூச்சை இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டு, அது அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நாலு ரோடு. பிறகு சிறுவாச்சூர். பிறகு பாடாலூர். உன் அம்மா பக்கத்து சீட்டில். அந்த மாதங்களில் அவள் ஏறி இறங்கியதுபோல் எங்கள் டிபார்ட்மென்டிலேயே எவனும் ஏறி இறங்கியிருக்க மாட்டான். பஸ்ஸில் சும்மா போய்வருவதற்கு ஒரு டாக்டர் எதற்கு என்று நான் கேலி பேசினேன். ஒருநாள் நீங்கள் இரண்டு பேரும் திருச்சி வரைக்கும் போய், மலைக்கோட்டைக்குக் கீழே ஐஸ்க்ரீம் தின்றுவிட்டுத் திரும்பிவந்தீர்கள். நீ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாய். நான் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை உனக்குக் காட்டத்தான் தெரியவில்லை. அதன் பிறகு கோயம்புத்தூரில் வேலை கிடைத்து நீ போனாய். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தம்மாவைப் பார்த்துவிட்டுப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரியலூர் சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா வாத்தியார். வாத்தியார்கள் எங்களைவிட மோசம், விடைத்தாளில் முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பார்கள். கட்டாயம் விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் போகும் முன்பு அந்த கிளினிக்கை நானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் வேலையில் அப்படி ஒரு வழி உண்டு. ஒரு கண்டக்டர் மேல் சந்தேகம் வந்தால் தெரியாத முகமாக ஒருவனைப் பயணியாக ஏற்றிவிடுவோம், டிக்கெட் கொடுக்கிறானா இல்லையா என்று அவன் பார்த்துவந்து சொல்வான். நான் ஏற்றிவிட்ட ஆள் உன் தங்கராசு மாமா.

என்னோடு கண்டக்டராக இருந்து என்னோடேயே ரிட்டயர் ஆன மனுஷன். பச்சைப்பிள்ளை மாதிரி முகம், பொய் சொன்னால் எவனும் நம்புவான். குன்னம் பக்கம் அவருக்குக் கொஞ்சம் கொல்லை நிலம் இருக்கிறது, வெங்காயமும் மக்காச்சோளமும் போடுவார். அவர் சம்சாரம் இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். தினமும் பஸ் ஏறி டவுனுக்கு வந்து என்னோடு டீ குடித்துவிட்டுப் போவார். நான் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்: "நீ அரியலூர்ப் பொண்ணு வீட்டு ஆளு. பையனப் பத்தி விசாரிக்க வந்திருக்க. நரம்புத் தளர்ச்சி, மனசு சரியில்லாதது எதாவது உண்டான்னு கேளு. சந்தேகம் வராத மாதிரி முதல்ல கால்வலின்னு உக்காரு." அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நான் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தேன்.

டீ குடித்து முடித்தேன். ஆள் வரவில்லை. வடை தின்றேன். வரவில்லை. அவருக்குப் பின்னால் உள்ளே போகவேண்டிய நோயாளிகள் வாசலில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். போச்சு, அந்தம்மா உன் ஜாதகத்தையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறார், இந்தக் கல்யாணம் நடந்த மாதிரிதான் என்று நினைத்து இன்னொரு டீ சொன்னேன். கடைசியில் தங்கராசு வெளியே வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"என்னய்யா சொன்னுச்சு அந்தம்மா?"

"ஒண்ணும் சொல்லல."

"இவ்வளவு நேரம் ஒண்ணும் சொல்லாமயா உக்காந்திருந்த? மறைக்காத தங்கராசு. எம் பையன் வாழ்க்கைய்யா!"

"உம் பையனப் பத்தி ஒரு வார்த்த பேசலய்யா. 'அப்படி ஒருத்தர் இங்க வர்றாரா இல்லையான்னுகூட நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க, பொண்ணு வீடா இருந்தாலும் சரி, பெத்தவங்களா இருந்தாலும் சரி'ன்னு ஒரே போடா போட்டுருச்சு. சரின்னு எந்திரிச்சேன். 'கால்வலின்னீங்களே, உக்காருங்க'ன்னுச்சு. 'வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குதே, எப்பலேர்ந்துங்க இப்படி இளைச்சீங்க?'ன்னு கேட்டுச்சு." அதோடு துண்டை எடுத்து மறுபடி முகத்தில் வைத்துக்கொண்டார். டீ மாஸ்டர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவரைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தேன். அங்கேதான் சொன்னார். "கொல்லைக்குப் போனா கிணத்து மேட்டுல போயி நின்னுக்கிட்டே இருப்பேன்யா. திரும்பி வர்றதுக்கு ஒரு காரணமும் தோணாது. ஒனக்கு டீ குடிக்கக் கம்பெனி வேணுமேன்னு வருவேன். அவ்வளவுதான்."

தம்பி, அவரோடு நான் தினமும் டீ குடித்தேன். அவர் வேட்டியை இடுப்பில் இழுத்து இழுத்துச் செருகுவதைத் தினமும் பார்த்தேன், காசுக் கஷ்டமோ என்று சந்தேகப்பட்டேன். கொலை பண்ணியவனைக்கூட முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற நான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவனைக் கோட்டைவிட்டேன். அந்தம்மா முதல் தடவை பார்த்ததும் இடுப்பு வேட்டியைக் கவனித்து, விடாமல் கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தம்மாவும் என்னை மாதிரி ஒரு சந்தேகப்பிராணிதான். யாரைப் பார்த்தாலும் இவன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று நோண்டுகிறவர். நான் ஆளைப் பிடிப்பதற்குச் சந்தேகப்பட்டேன், அவர் ஆள் விழுந்துவிடக் கூடாதே என்று சந்தேகப்படுகிறார். தங்கராசுவுக்கு அவர் மாத்திரையும் கொடுத்தார், திருச்சிக்கும் அனுப்பினார். மகளை வரவழைத்துப் பேசி, கொஞ்ச நாளைக்கு அவரைத் தனியாகக் கொல்லைக்கு விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். இப்போது மகள் இங்கேயே வந்து தங்கியிருக்கிறாள். அவரும் போண்டா சரியில்லை என்று டீக்கடையில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். நீ உன் பயத்துக்கு ஆரம்பத்திலேயே போனாய், பஸ்ஸோடு முடிந்தது. அவர் விளிம்பு வரைக்கும் போய்விட்டுத்தான் அந்தம்மாவிடம் வந்தார், அதுவும் நான் அனுப்பிய வேவு வேலைக்காக.

அதன் பிறகு நான் பிரஷர் பார்க்கப் போனேன். தங்கராசு என் வேவுக் கதையை அவரிடம் ஒப்பித்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். அந்தம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பட்டையைக் கட்டினார், காற்றை ஏற்றினார், "நீங்க எப்படித் தூங்கறீங்க சார்?" என்றார். "பிரமாதமா தூங்கறேன்" என்றேன். சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், நான் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே ஒரு சுவரைத் தவிர ஒன்றுமில்லை. "சரிங்க, அடுத்த தடவையும் கேப்பேன்" என்று மட்டும் சொன்னார். நான் சரியாகத் தூங்குவதில்லை, தம்பி. ரிட்டயர் ஆனதிலிருந்தே இல்லை. காலையில் காக்கிச் சட்டை இல்லாமல் எழுந்திருப்பது எதற்கு என்று தெரியாமல் படுத்திருக்கிறேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை தங்கராசு போகும்போது கூடப் போகிறேன். என்ன கேட்கிறார் என்று பார்க்கிறேன், பதில் சொல்வதா வேண்டாமா என்பதை அங்கே போய் முடிவு செய்துகொள்கிறேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கயல்விழியிடம் சொல்லிவிடு. டாக்டரம்மா வாயிலிருந்து போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, மூடிவைத்தால் மூடியே இருக்கும். அதனால்தான் யோசித்தேன். மூடியே இருந்தால், நாளைக்கு ஒருநாள் உனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது அந்தப் பெண்ணும் என்னை மாதிரி பூக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு குடியா, வேறு பெண்ணா என்று மண்டையை உடைத்துக்கொள்வாள். அவளுக்கு அந்தத் தண்டனை வேண்டாம். உனக்கும் வேண்டாம். சொல்லும்போது பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லாதே. வேலை போனது, பயந்தேன், டாக்டரிடம் போனேன், சரியானது, மறுபடி வந்தால் மறுபடி போவேன் என்று சொல். கோயம்புத்தூரில் வீடு பார்க்கும்போது தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி, பக்கத்தில் ஒரு குடும்ப டாக்டர் இருக்கிறாரா என்றும் பார். நீ சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்கிற ஆளாகப் பார். இரண்டு பேரும் போய் ஆரோக்கியமாக இருக்கும்போதே அறிமுகம் ஆகிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பிள்ளை பிறந்து அந்தப் பெண் காரணமில்லாமல் அழுதால், "திமிரு" என்றோ "காத்து கருப்பு" என்றோ எவள் சொன்னாலும் கேட்காதே, அது என் தங்கையாகவே இருந்தாலும் சரி. நேராக அந்த டாக்டரிடம் கூட்டிப் போ.

நீ சொன்ன பிறகு அரியலூரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக எனக்கு நம்பிக்கை இல்லை. வாத்தியார் முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம், நடுவில் இருக்கிற தரகர் கதை கட்டலாம், பத்திரிகை அடிக்கக் கொடுத்ததை நான் போய்த் திரும்ப வாங்கவேண்டி வரலாம். என் புத்தி அந்தப் பக்கமேதான் ஓடுகிறது, அதை மாற்ற எந்த டாக்டராலும் முடியாது. முறிந்தால் முறியட்டும். எனக்கு மருமகள் வேண்டும்தான், அதைவிட நீ வேண்டும். இதை நான் உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

அவளிடம் பேசியதும், அவள் என்ன சொன்னாலும் சரி, ஒரு தடவை ஊருக்கு வந்துவிட்டுப் போ. காரெல்லாம் வேண்டாம், எப்போதும்போல் பஸ்ஸில் வா. திருச்சியில் மாறும்போது அம்மாவுக்கு ஒரு போன் போடு. பாடாலூர் தாண்டியதும் நெஞ்சு படபடத்தால், மூச்சை மெதுவாக விட்டுப் பார். முடியவில்லையென்றால் சிறுவாச்சூரில் இறங்கிக்கொள், வெட்கப்படாதே. நான் அங்கே நிற்பேன். இந்தத் தடவை பூக்கடைக்கு முன்னால், உன் கண்ணில் படுகிற மாதிரி நிற்பேன். நீ இறங்கினால் பெரம்பலூர் வரைக்கும் உன்னோடு நடக்கிறேன், வழியில் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். இறங்காமல் இருக்க முடிந்தால் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் காட்டிவிட்டுப் போ. நான் அடுத்த பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

உன்
அப்பா